நின்று நின்று வரும் நெட்: நெட்வொர்க் படிக்கும் ஒரு தங்கைக்கு

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரைச் சேர்ந்த மாணவி, பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கிறார். கேள்வி சுருக்கமாக இது: பாக்கெட் ட்ரேசரில் (நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே கட்டிப் பழகும் மென்பொருள்) வி-லேன் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), ரூட்டிங் (நெட்வொர்க்குகளுக்கு இடையே வழி காட்டுவது) எல்லாம் சரியாகப் போட வருகிறது. ஆனால் மாமாவின் ஐஸ் கம்பெனி ஆபீஸில் நெட் நின்று நின்று வருகிறது. "நீதான் படிக்கிறியே, வந்து பாரு" என்று கூப்பிட்டார்கள். போய், ரூட்டரை அணைத்துப் போட்டதைத் தவிர வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. படித்தது ஏன் கைகொடுக்கவில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது, சான்றிதழ் தேர்வு எழுதலாமா?

தங்கச்சி, படித்தது வீண் போகவில்லை. பாக்கெட் ட்ரேசரில் கேபிள் துருப்பிடிக்காது, கரண்ட் இறங்காது, யாரும் வீட்டிலிருந்து பழைய ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருக மாட்டார்கள். அங்கே தப்பு இருந்தால் அது நீங்கள் அடித்த ஏதோ ஒரு வரியில் இருக்கும். வெளியே வந்தால் தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் பத்து நிமிடம். அந்தத் தேடும் வேலையை உங்களுக்கு இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நான் பதினேழு வருடமாகத் தொண்டிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் இந்த வேலை பார்க்கிறேன். கடைகள், பள்ளிகள், லாட்ஜுகள், மீன் கம்பெனிகள், இறால் பண்ணைகள். இதில் நான் நம்புகிற ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழுது பார்க்கக் கற்க வேண்டுமென்றால், பழுது இல்லாத நாளில் போய் உட்கார வேண்டும். உங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். மேல்காற்றான கச்சான் எப்படி அடிக்கும், வடக்கிலிருந்து வாடை எப்படி வரும் என்பது அவர்களுக்குச் சாதாரண நாளிலேயே பழகிவிட்டது. அதனால் காற்று கொஞ்சம் மாறினாலும் கரையில் நிற்கும்போதே தெரிகிறது. நெட்வொர்க்கும் அப்படித்தான். நல்ல நாளில் எந்த எண் எவ்வளவு இருந்தது என்று தெரியாதவருக்கு, கெட்ட நாளில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாமா ஆபீஸில் எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம் வரையுங்கள். நெட்டைக் கொண்டுவரும் கண்ணாடி இழையான ஃபைபர் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறது, எந்தப் பெட்டியில் முடிகிறது, அங்கிருந்து ரூட்டர், ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி), எடைமேடைக் கணினி, பில் போடும் கணினி, கேமரா பெட்டி, பிரிண்டர் என்று ஒவ்வொன்றும் கேபிள் செருகும் எந்த போர்ட்டில் இருக்கிறது. பாதி இடங்களில் இந்தப் படம் வரையும்போதே பழுது கண்ணில் பட்டுவிடும். மேசைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன ஸ்விட்ச் தொங்கும், அதன் அடாப்டர் நெருப்பாகச் சுடும்.

அப்புறம் எண்கள். கேபிளில் இணைந்த கணினியிலிருந்து ரூட்டருக்கு பிங் போட்டால் (சின்னச் செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தைப் பார்ப்பது) 1 மில்லிவிநாடிக்கும் குறைவாக வர வேண்டும். வைஃபையில் 2, 5, இடையிடையே 20, 30 என்று ஆடும், அது அதன் குணம். வெளியே போகும்போது எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். ஒளி கண்ணாடி இழைக்குள் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ராமநாதபுரத்திலிருந்து சென்னை சாலை வழியாகச் சுமார் 550 கிலோமீட்டர் என்று வையுங்கள். போய்வர 1,100. அப்படியானால் 5.5 மில்லிவிநாடிக்குக் கீழே வர வழியே இல்லை. ஃபைபர் நேர்கோட்டில் போகாது, நடுவில் பல ரூட்டர்கள் உண்டு, அதனால் 15, 20 என்று வந்தால் ஆரோக்கியம்தான். எப்போதும் 18 வந்த இடத்தில் இன்று 180 வருகிறது என்றால் ஏதோ ஒரு இடத்தில் பாக்கெட்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன என்று அர்த்தம். பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக நெட் எடுத்தால் அரை விநாடி ஆகும், அங்கே 500 என்பதே ஆரோக்கியமான எண். எண் மட்டும் போதாது, அந்த இடத்தின் எண் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது ஐஸ் கம்பெனிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஒரு மீன் கம்பெனி. ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் நாலைந்து தடவை நெட் போகும், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக வரும். முதல் நாள் போய் வைஃபை சேனலை மாற்றினேன். இரண்டாம் நாள், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன். மூன்றாம் நாள் புது ரூட்டரே வைத்தேன். நான்காம் நாளும் போன் வந்தது. அன்றைக்குத்தான் பிரௌசரில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தேன். முந்தின நாள் மாலை வைத்த ரூட்டர் 40 நிமிடமாகத்தான் ஓடுவதாகக் காட்டியது. நடந்ததை ரூட்டர் குறித்துவைக்கும் லாக்கில் சில வரிகள் 1970 ஜனவரி 1 என்று தேதி போட்டிருந்தன. பல ரூட்டர்களுக்குள் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. உயிர் போய் எழுந்ததும் கணக்கின் முதல் நாளான 1970இல் இருந்து எண்ண ஆரம்பித்து, நெட் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தை வாங்கும். லாக்கில் 1970 தெரிந்தால் ரூட்டர் செத்துப் பிழைத்திருக்கிறது என்று படியுங்கள்.

பிறகு கணக்குப் பிள்ளையிடம் கேட்டேன். "கம்ப்ரசர் போடும்போது லைட்டே மங்கும் சார்" என்றார். மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த ஒரு நொடி வோல்டேஜ் தாழும். பல்பு மங்கி மீளும், கணினியை யுபிஎஸ் காப்பாற்றும். யுபிஎஸ் இல்லாத ரூட்டர் மட்டும் அணைந்து எழும். எழுந்து, ஃபைபர் பெட்டி திரும்பப் பதிவாகி, நெட் வர இரண்டு மூன்று நிமிடம். நெட்வொர்க்கில் ஒரு தப்பும் இல்லை. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்ததும் அன்றோடு தீர்ந்தது. ஸ்டார்ட்டரைப் பார்க்க எலக்ட்ரீசியனையும் வரச் சொன்னேன், அது அவர் வேலை.

உங்கள் மாமா இடத்திலும் இதேதான் என்று நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. ஆனால் எதைத் தொடுவதற்கு முன்பும் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ரூட்டர் பத்து நாளாக ஓடுகிறது என்றால் கரண்டை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, ஐஸ் வேலையும் குறைந்துவிடும். அந்த நாட்களில் நெட் நன்றாக இருந்ததா என்று மாமாவிடம் கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்விகளைப் பாடப் புத்தகத்தில் பார்க்க முடியாது. உங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும் என்பதால் கேட்க முடிகிறது.

கரண்ட் சரி என்றால் அடுத்தது நான் எப்போதும் செய்வது. கணினியில் கட்டளை அடிக்கும் இரண்டு கருப்புத் திரைகளைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கும் நிற்காமல் பிங் ஓட விடுவேன். விண்டோஸில் முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டுச் சிறு கோடும் ஆங்கில t எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நெட் போகும்போது இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு உங்கள் சுவருக்குள்ளே: கேபிள், ஸ்விட்ச், வைஃபை, ரூட்டர். ரூட்டருக்குப் போவது அழகாக ஓடி, வெளியே போவது மட்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் லைனில். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். நெட் கொடுக்கும் கம்பெனிக்கு போன் செய்யும்போதும் "நெட் வரல சார்" என்று சொல்வதற்குப் பதிலாக "உள்ளே சரியாக இருக்கிறது, காலை 10.20 முதல் 10.34 வரை வெளியே போகவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் பேசும் விதமே மாறும்.

பிங் தரும் பதிலை வார்த்தை வார்த்தையாகப் படிக்கவும் பழகுங்கள். "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் கேள்வி போனது, பதில் வரவில்லை. உங்கள் கணினியின் முகவரியே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று பதில் சொன்னால், அந்தக் கருவியை உங்கள் கணினியால் கண்டுபிடிக்கவே முடியவில்லை, கேள்வி வாசலைத் தாண்டவே இல்லை. இரண்டும் வேறு நோய். அதேபோல், வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். சில ரூட்டர்கள் அப்படிப் பதில் சொல்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டவை. கடைசி வரி ஒழுங்காக வந்தால் வழி திறந்திருக்கிறது.

லைன் பக்கம் என்று தெரிந்தால் பிரௌசரில் ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வந்துசேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். மைனஸில் ஒரு எண் இருக்கும். மைனஸ் 15 முதல் 22 வரை நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் பெட்டி திணறும், எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மாறினால் ஒளியே வரவில்லை. ஒவ்வொரு 3 குறைவதும் ஒளி பாதியாவது. நோட்டில் மைனஸ் 19 என்று எழுதியிருந்து இன்று மைனஸ் 26 என்றால் ஐந்தில் நான்கு பங்கு ஒளி வழியில் போய்விட்டது. எங்கோ மடங்கியிருக்கும், அல்லது முனையில் அழுக்கு. மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிய ஃபைபரை நான் பலமுறை எடுத்திருக்கிறேன். முனைகளின் நிறத்தையும் கவனியுங்கள். பச்சை முனை சாய்வாகத் தீட்டியது, நீல முனை அப்படி இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் செருகிக்கொள்ளும், ஆனால் ஒளி வீணாகும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் கண்ணைத் திருப்பவும் தோன்றாது.

உள்ளே என்றால் நம் கரையில் முதல் சந்தேகம் உப்புக் காற்று. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மொட்டைமாடியில் இருக்கும் எந்தக் கேமராவின் கேபிள் முனையையும் கழற்றிப் பாருங்கள். பின்கள் மேல் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். செம்பும் உப்பும் ஈரமும் சேர்ந்த வேலை. முழுதாக அறுந்தால் கண்டுபிடிப்பது சுலபம், பாதி அறுந்ததுதான் ஆளைச் சுற்றவைக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. 1,000க்கு எட்டும் வேண்டும். அதனால் நீலமோ பழுப்போ ஒன்று கெட்டால் லிங்க் விழாமலே இருக்கும், பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். "நெட் வருது, ஆனா ஸ்லோ" என்று புகார் வரும். அடாப்டர் விவரத்தில் லிங்க் வேகம் 1,000 என்று இருந்த இடத்தில் 100 என்று தெரிந்தால் முதலில் முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். வரிசை நினைவிருக்கும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. முனை அடிக்கும் கிரிம்பிங் டூலும் சரிபார்க்கும் டெஸ்டரும் சில நூறு ரூபாய்தான், இரண்டையும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வரும்வரை ஐம்பது முனையாவது அடித்துப் பழகுங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. விலை குறைவு என்று மாட்டுகிறார்கள். நம் பக்கத்து உப்பில் அது சீக்கிரம் உதிரும், முறியும். கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும்போது இன்னும் மோசம். சாதாரண வகையில் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுத்தால் மறுமுனையில் 12.95 வாட்டாவது கிடைக்கும் என்பது நல்ல செம்புக் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போட்ட கணக்கு. அலுமினியத்தில் வழியிலேயே இன்னும் தேய்ந்து, ராத்திரி கேமராவின் இருட்டு விளக்கு எரிந்ததும் கேமரா அணைந்துவிடும். பகலில் போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

வயர்லெஸ் லிங்க் பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் நம் பக்கம் உப்பளம், இறால் பண்ணை என்று ஊருக்கு வெளியே நிறைய இடங்களுக்கு டிஷ் வைத்துத்தான் நெட் கொண்டுபோகிறோம். ஒரு டிஷ்ஷிலிருந்து இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். அலை நூல் மாதிரிப் போவதில்லை, நடுவில் பெருத்த கதலிப்பழம் மாதிரிப் போகும். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் அந்தப் பழத்தின் நடுப்பகுதி, மையக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 5 மீட்டர் அளவுக்கு, தடையில்லாமல் இருக்க வேண்டும். வைக்கும்போது சரியாக இருந்திருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் சீமைக்கருவேலம் வளர்ந்து அதற்குள் தலையை நீட்டும். ஒரு பண்ணையில் ஆனி, ஆடியில் மட்டும், அதுவும் காற்று பலமான நேரத்தில் லிங்க் தடுமாறியது. நடுவில் ஒரு தென்னை, கச்சானுக்கு மட்டை வளைந்து குறுக்கே வந்துகொண்டிருந்தது. டிஷ்ஷை மூன்று மீட்டர் உயர்த்தினோம்.

சரி, கம்பியும் கரண்டும் அலையும் நல்லபடியாக இருந்து இன்னும் வரவில்லை என்றால் இப்போதுதான் உங்கள் பாடத்துக்குள் வருகிறோம். கணினியின் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால், முகவரி கேட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் பதில் தராததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடம் கேள்வி போய்ச் சேரவில்லை. அதைவிடக் குழப்பமானது, இரண்டு பேர் கொடுப்பது. ஆபீஸ் முழுக்க 192.168.1 வரிசை; சிலருக்கு மட்டும் 192.168.0 வருகிறது, அவர்களுக்கு பிரிண்டர் கிடைக்கவில்லை. யாரோ வைஃபை எட்டவில்லை என்று வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் செருகியிருப்பார்கள். கருப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் கட்டளை தரும் முழு விவரத்தில் டிஎச்சிபி சர்வர் என்ற வரியைப் பார்த்தாலே எந்த முகவரி கொடுத்தது என்று தெரியும். அதன் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் என்று கணினி வைத்திருக்கும் கணக்கு) எடுத்து, மேனேஜ்டு ஸ்விட்ச்சாக (உள்ளே போய் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் முடிகிற வகை) இருந்தால் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

எந்தெந்த முகவரிகள் தன் தெருவில் இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்லும் எண்தான் சப்நெட் மாஸ்க்; அது தப்பானால் வரும் கோளாறைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், தேர்வுக்கும் உதவும். 192.168.10.0 வரிசையை 26 பிட் மாஸ்க்கால் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் 64 முகவரி, கருவிகளுக்கு 62. உங்கள் கணினி 192.168.10.20, முதல் துண்டு. பிரிண்டர் 192.168.10.70, இரண்டாம் துண்டு, நடுவில் ரூட்டர். கணினியில் மாஸ்க்கை 255.255.255.192 என்று போடுவதற்குப் பதில் வழக்கம்போல 255.255.255.0 என்று போட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கணினிக்கு 70 என்பது தன் தெருவிலேயே இருக்கும் வீடு. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும். வீடோ அடுத்த தெருவில், காதில் விழாது. தெருமுனையில் இருக்கும் ரூட்டரிடம் கொடுத்திருந்தால் சேர்த்திருக்கும், ஆனால் அவசியமில்லை என்று கணினி நினைக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் நெட் முழுக்க வேலை செய்யும், ஏனென்றால் 8.8.8.8 வெளியூர் என்று அதற்குத் தெரியும், ரூட்டரிடம் கொடுக்கும். "நெட் வருது, பிரிண்டர் மட்டும் வரல" என்பார்கள். பிரிண்டரை மாற்றும் அளவுக்குப் போயிருப்பார்கள்.

டிஎன்எஸ் கோளாறு எளிது: எண்ணுக்கு பிங் போகும், பெயருக்குப் போகாது. ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே ஸ்விட்ச்சில் போய்விட்டால் எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்த மாதிரி மின்னும், எல்லோருக்கும் எல்லாம் நிற்கும். கடைசியாகச் செருகியதைப் பிடுங்கினால் அடங்கிவிடும். இதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை 1985இல் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. மேனேஜ்டு ஸ்விட்ச்சில் அது இருக்கும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்விட்ச்சில் பெரும்பாலும் இருக்காது.

கான்ஃபிகர் செய்வதில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நீங்களும் செய்வீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரு கிளை ஆபீஸ். நான் ராமநாதபுரத்திலிருந்து அதன் ஸ்விட்ச்சுக்குள் போய், பல வி-லேன்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் ட்ரங்க் போர்ட்டில் வி-லேன் 30ஐச் சேர்க்க நினைத்தேன். சிஸ்கோ ஸ்விட்ச்சில் "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலௌவ்ட் வி-லேன்" என்ற வரியில் "ஆட்" என்ற சொல் இருந்தால் இருப்பதோடு சேரும். அந்தச் சொல் இல்லாவிட்டால் இருப்பதெல்லாம் போய் 30 மட்டும் நிற்கும். நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நான் உள்ளே போன வழியும் அந்த ட்ரங்க்தான், அதுவும் சேர்ந்து போனது. கிளை முழுக்க நின்றது. ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஏறி, 55 கிலோமீட்டர், பாம்பன் பாலம் தாண்டிப் போய், நேரில் கேபிள் செருகி அதைத் திருத்தினேன். மறுநாள் காலை பில் போடுவதற்குள் சரியானது. அந்தக் கிளையில் இருந்தவர்கள் என்னை நம்பித்தான் விட்டிருந்தார்கள், அதை நினைத்துத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு தூரத்திலிருந்து எதை மாற்றினாலும் முதலில் "ரீலோட் இன் 10" என்று கொடுத்துவிடுவேன். பத்து நிமிடத்தில் கருவி தானே திரும்ப எழும். சிஸ்கோவில் நீங்கள் மாற்றுவது ஓடும் கான்ஃபிகரேஷனில்தான் இருக்கும், சேமிக்காதவரை எழும்போது பழையதே வரும். என் மாற்றத்தால் நானே வெளியே தள்ளப்பட்டால் பத்து நிமிடத்தில் கதவு திறந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டு, அப்புறம் சேமிப்பேன். மாற்றும் முன் பழைய கான்ஃபிகரேஷனை ஒரு கோப்பில் எடுத்து வைப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன், நோட்டில் நேரத்தோடு எழுதுவேன். மீன் கம்பெனியில் நான் ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றி எதையும் எழுதாமல் விட்டதால், கடைசியில் பழைய ரூட்டரைத் திரும்ப வைக்கும்போது எந்த சேனல், எந்த டிஎன்எஸ் என்று எனக்கே தெரியவில்லை.

பயிற்சிக்கு பாக்கெட் ட்ரேசர் இலவசம், விடாதீர்கள், ஆனால் இனி வேறு மாதிரிப் பயன்படுத்துங்கள். சரியாக ஓடும் ஒரு நெட்வொர்க்கைக் கட்டிச் சேமித்து, தோழியிடம் கொடுத்து இரண்டு இடத்தில் கெடுக்கச் சொல்லுங்கள். மாஸ்க்கை மாற்றலாம், ஒரு போர்ட்டை வேறு வி-லேனில் போடலாம், வெளியே போகும் வழியான கேட்வேயை அழிக்கலாம். நீங்கள் கான்ஃபிகரேஷனைப் பார்க்காமல், பிங்கும் ஏஆர்பி பட்டியலும் மட்டும் வைத்துக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாரம் நீங்கள் கெடுத்து அவரிடம் கொடுங்கள். கண்டுபிடித்த பிறகு எந்த அறிகுறியில் பிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நெட்வொர்க்கில் போகும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசம். அதைத் திறந்து வைத்துவிட்டு, ஐபிகான்ஃபிக் கட்டளையில் முதலில் ரிலீஸ், பிறகு ரெனியூ கொடுத்து முகவரியை விட்டுத் திரும்ப வாங்கினால், முகவரி கேட்பது, தருவதாகச் சொல்வது, அதையே கேட்பது, உறுதி செய்வது என்ற நான்கு டிஎச்சிபி செய்திகளும் வரிசையாகக் கண்ணெதிரே ஓடும். ஒருமுறை பார்த்தால் போதும், பிறகு மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சான்றிதழ் தேர்வு பற்றி: எழுதுங்கள். சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏ 200-301 பாடத்திட்டம் நல்ல ஒழுங்கில் இருக்கிறது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கதவைத் திறக்கும். ஆனால் கட்டணம் மாணவருக்குப் பெரிய தொகை. கல்லூரி முடிக்கும் வருடத்தில் எழுதினால் போதும். அதுவரை ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கேபிள் இழுக்கிற ஒருவரோடு விடுமுறையில் ஒரு மாதம் கூடப் போங்கள். பெண் பிள்ளைக்கு ஏணி வேலையா என்று வீட்டில் கேட்பார்கள். கேமரா, சர்வர், ஆபீஸ் நெட்வொர்க் வேலையில் பெண்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள், என்னிடம் பழகிய இருவர் இன்று சென்னையில் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஆபீஸுக்குப் போகும்போது எதையும் மாற்றாதீர்கள். படம் வரையுங்கள். ரூட்டர் எத்தனை மணி நேரமாக ஓடுகிறது, ஃபைபர் பெட்டியில் ஒளி அளவு எவ்வளவு, பில் கணினியின் லிங்க் வேகம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிங்கையும் ஓடவிட்டு, கம்ப்ரசர் போடும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். நெட் நின்றால் எந்தத் திரை நின்றது என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.